ஒரு விரல் தூரத்தில் குருவும் சனியும்

அலமேலு,

இந்தக் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடவில்லை. சுழி போட்டு ஆரம்பித்த காரியங்களை நான் நடத்திய லட்சணம் போதும். உறையையும் ஒட்டவில்லை. தினமும் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வரும் எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். ரயிலில் அவர் பிரித்துப் படித்தால் படிக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். பொய்யை நான் திண்டிவனத்தில் நாலு பேர் கேட்கத்தான் சொன்னேன். உண்மை மட்டும் எதற்கு உறைக்குள் ஒளிந்துகொண்டு வர வேண்டும்?

உன் கார்டு நேற்று வந்தது. கண்ணில் புரை விழுந்துவிட்டதால் வெயிலில் போய் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். முகையூர் வரன் அநேகமாக முடிந்த மாதிரிதான், அவருக்கு நாற்பத்தைந்து வயது, மனைவி போய் ஒரு வருஷம், இரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருந்தாய். அதெல்லாம் சரி. அடுத்து எழுதியிருந்தாயே, அதுதான் என்னைக் கொன்றது. "எனக்கு அவ்வளவாக மனசில்லை. ஆனால் என் ஜாதகத்துக்கு இதுவாவது கிடைத்ததே பெரிது அப்பா. நாள் மட்டும் நீங்களே பார்த்து எழுதுங்கள்." விழுப்புரத்துப் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் எழுதுகிற எழுத்தா இது? இல்லை, அதை எழுதியது நீ இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் உன் காதில் நான் ஊதியதைத்தான் இப்போது உன் கையெழுத்தில் எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

உன் ஜாதகத்தில் ஒரு குற்றமும் இல்லை. முதலில் இதைப் படித்துக்கொள். மீதியைப் படிக்க மனசில்லாமல் நீ கிழித்துப் போட்டாலும் இந்த ஒரு வரி உன்னிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். வேலாயுதத்துக்கும் உனக்கும் நடக்க வேண்டிய கல்யாணம் நடக்காமல் போனதற்கு வானத்தில் இருந்த எதுவும் காரணம் இல்லை. காரணம் நான். எப்படி என்று சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

உன் அம்மா இருந்தவரைக்கும் நான் சாப்பிட்ட தட்டை நான் எடுத்துக் கழுவியதில்லை. இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவள் போவதற்கு நாலு நாள் முன்னால், உடம்பு அனலாகக் கொதிக்கும்போது, எழுந்து போய் எனக்குக் கேப்பைக் களி கிண்டினாள். துடுப்பு கையில் நிற்கவில்லை. "பசிக்குதுன்னு சொன்னீங்களே" என்றாள். நான் கூடத்தில் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு யாருக்கோ நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டில் நாள் பார்க்கிறவன் என்று எனக்கு இரண்டு பெருமை. அந்தக் களியைச் சாப்பிட்டேன். உப்பு குறைச்சல் என்று வேறு சொன்னேன். அவள் போன பிறகு துடுப்பை நீ எடுத்தாய். உனக்குப் பதினைந்து வயது. நான் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

உனக்குப் பதினெட்டு நடக்கும்போது, விக்கிரம வருஷம், யுத்தம் ஆரம்பித்த மறுவருஷம், ஆனி மாதம், பெருமுக்கல்காரர் பெண் கேட்டு வந்தார். மல்லாட்டைக் கடலை போட்டு நாலு ஏக்கரில் பிழைக்கிற மனுஷன். மகன் வேலாயுதத்துக்கு விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர் வேலை. நீ காபி கொண்டுவந்து வைத்தபோது அந்தப் பையன் உன்னைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துச் சிரித்தான். நீயும் உள்ளே போய் அடுப்பைப் பார்த்துச் சிரித்தாய், நான் கவனித்தேன். தாம்பூலம் மாற்றியானது. நாள் எப்போது என்று பேச்சு வந்தது. பெண் வீட்டுக்காரனிடமே நாள் கேட்கும் சம்பந்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. பெருமுக்கல்காரர் கையைக் கூப்பிவிட்டார்.

"வாத்தியாரே, நீங்க என்னிக்குன்னு சொல்றீங்களோ அன்னிக்குத்தான். எங்களுக்கு இன்னா தெரியும்? மானத்தைப் பார்த்தா மழை வருமா வராதான்னு பார்ப்போம். அவ்ளோதான்."

அவர்கள் போன பிறகு நீ கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாய். வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே துலக்கினாய். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நீ பாடி நான் கேட்டது அன்றுதான். ஒரு தகப்பன் அந்தப் பாட்டைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவள் போய்விட்டால் எனக்குக் காலையில் வெந்நீர் யார் வைப்பார்கள் என்று தோன்றியது. இவ்வளவுதான் அலமேலு. இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. பெரிதாக ஏதாவது இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள எனக்கும் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

பஞ்சாங்கத்தை எடுத்தேன். நாள் பார்க்கத்தான் எடுத்தேன், அதுவரை நான் யோக்கியன். அந்த வருஷம் குருவும் சனியும் மேஷ ராசியில் சேர்ந்து நின்றன. சேர்வது பெரிய அதிசயமில்லை, இருபது வருஷத்துக்கு ஒரு தரம் சேரும். ஆனால் அந்தத் தடவை இரண்டும் வக்கிரத்தில் பின்வாங்கிப் பின்வாங்கி மூன்று தரம் கிட்ட வரப்போகின்றன என்று தெரிந்தது. ஆடியில் ஒரு தரம், ஐப்பசியில் ஒரு தரம், மாசியில் ஒரு தரம். மூன்றும் பரணி நட்சத்திரத்தில். நீ பிறந்த நட்சத்திரம். அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. சந்தோஷம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன். குருவும் சனியும் ஜென்ம நட்சத்திரத்தில் நெருங்கி நிற்கும்போது கல்யாணம் செய்யக்கூடாது, ஒன்றை ஒன்று விட்டு நன்றாக விலகிய பிறகுதான் செய்ய வேண்டும் என்று மறுநாளே பெருமுக்கலுக்குச் சொல்லியனுப்பினேன். அப்படி ஒரு விதி நான் படித்த எந்தச் சுவடியிலும் இல்லை. நானே உண்டாக்கியது.

சும்மா சொன்னால் நீ நம்பமாட்டாய் என்று நினைத்தேனோ என்னவோ, உன்னையே சாட்சிக்கு அழைத்தேன். ஆடி மாதம் விடிய நாலு நாழிகை இருக்கும்போது உன்னை எழுப்பிக் கிடங்கல் ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிழக்கே விடிவெள்ளி சுடர்விட்டுக்கொண்டிருந்தது. உச்சியை ஒட்டி அந்த இரண்டும். குரு வெள்ளை வெளேரென்று, சனி கொஞ்சம் மங்கி, பழுப்பாக. "கையை நல்லா நீட்டி சுண்டு விரலை நடுவுல வை" என்றேன். நீ ஒரு கண்ணை மூடிக்கொண்டு வைத்தாய். "விரல் அகலந்தாம்பா இருக்குது" என்றாய். "அதான் சொல்றேன். அது விலகணும்" என்றேன். ஏரிக் காற்றில் உனக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று வேறு சொன்னாய். நான் வாழ்நாளில் பார்த்த அழகான காட்சிகளில் அதுவும் ஒன்றுதான், அதை மறுக்க மாட்டேன். அதை வைத்து நான் செய்தது வேறு.

ஆவணியில் வேண்டாம், இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது என்றேன். ஐப்பசியில் பார்க்கலாம் என்று அவர்களுக்குச் சொன்னேன், ஐப்பசியில் மறுபடி சேரும் என்று நன்றாகத் தெரிந்தே சொன்னேன். நீ அதற்குள் அந்த வேலையை உன் வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டாய். மழை விட்ட நாளெல்லாம் விளக்கு வைத்த கையோடு கொல்லைக்குப் போவாய். கிழக்கே இரண்டும் எழும்பி வரும் வரைக்கும் நிற்பாய். கையை நீட்டி, விரலை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து எனக்குச் சோறு போடுவாய். நான் எதுவும் கேட்க மாட்டேன். மேகம் மூடிய நாட்களில் உனக்குத் தூக்கம் வராது, புரண்டு புரண்டு படுப்பது எனக்குக் கேட்கும். நான் நன்றாகத் தூங்கினேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் நீ ஓடிவந்ததை மட்டும் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. கோலம் போட வைத்திருந்த மாவெல்லாம் கையில் அப்பிக்கொண்டிருந்தது. "அப்பா, ரெண்டு விரல் ஆயிடுச்சுப்பா! வந்து பாருங்க, ஜல்தி வாங்க!" நான் வந்தேன். உன் இரண்டு விரலும் மாவோடு வானத்தில் நின்றன. இரண்டு விரல் அகலம் இருந்தது, உண்மைதான். தையில் நாள் பார்த்திருக்கலாம். தையில் நல்ல நாளுக்கா பஞ்சம்? நான் என்ன சொன்னேன்? "இது போக்குக் காட்டுதும்மா. மாசியில திரும்பி வந்து ஒட்டும். அதுக்கு நடுவுல பண்ணிக்கினா ஆபத்து." நீ விரலை மடக்கிக்கொண்டாய். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாய். "உங்களுக்குத் தெரியாததாப்பா" என்றாய். அன்றைக்கு நீ ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா? ஒரு தட்டைத் தூக்கி எறிந்திருக்கக் கூடாதா? பார், இப்போதுகூட உன் மேலே பழியைப் போடப் பார்க்கிறேன். என் புத்தி அப்படி.

வீட்டில் அப்போது இரண்டு பஞ்சாங்கம் இருந்தன, வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. கிரகம் நகர்கிற நாள் ஒன்றில் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் இருக்கும். எதில் நாள் தள்ளிப்போகிறதோ அதை நம்பினேன். அடுத்த மாதம் மற்றதில் தள்ளிப்போனால் அதற்குத் தாவினேன். ஊருக்கே நாள் குறித்துக் கொடுத்தவன் இப்படித் திருட்டுக் கணக்குப் போடுவேன் என்று யார் சந்தேகப்படுவார்கள்? என் வகுப்பில் ஒரு பையன் இப்படி விடையைப் பார்த்துக்கொண்டு வழியை மாற்றி எழுதியிருந்தால் முட்டிபோட வைத்திருப்பேன்.

மாசியில் வேலாயுதம் தனியாக வந்தான். பொழுது சாயும் நேரம். நீ தோசை வார்த்துக் கொடுத்தாய், நாலு தோசை சாப்பிட்டான். கை கழுவிவிட்டு என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டான். மேற்கே அந்த இரண்டும் மறுபடி ஒரு விரல் தூரத்தில், கண்ணை உறுத்துகிற மாதிரி நின்றன.

"மாமா, ஷெட்டுல யுத்தத்துக்குப் பேர் எழுதிக்கினு போறாங்க. மலேயாவுக்கு. கூட்டாளிங்க எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டாங்க. கல்யாணம்னு ஒண்ணு நடந்துதுன்னா நான் போவ மாட்டேன். ஒரே பேஜாரா இருக்குது. நான் வேற ஒண்ணும் கேக்கல, ஒரு நாள் சொல்லுங்க, போதும்."

"அதோ பார்" என்று வானத்தைக் காட்டினேன். "ஒட்டிக்கினு நிக்குது. பங்குனியில நம்ம வீட்டுல பண்றதில்ல. சித்திரை, வைகாசியில குரு அஸ்தமனம், சூரியன்கிட்ட போய் மறைஞ்சிடும், கல்யாணம் ஆகாது. ஆனியில வெச்சிக்கலாம்."

அவன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான். "அதுங்க பாட்டுக்கு அதுங்க போவுது மாமா. நம்மளை இன்னா பண்ணப் போவுது?" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஷெட்டில் கரி அள்ளுகிறவனுக்கு சாஸ்திரம் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். அவன் ஃபிட்டர், கரி அள்ளுகிறவன் இல்லை. அதையும் தெரிந்தேதான் சொன்னேன். அவன் நேராக வாசலுக்குப் போனான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "போய்ட்டு வர்றேங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னான். கதவோரம் நின்ற நீ தலையை மட்டும் ஆட்டினாய். நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டது மொத்தமே அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

சித்திரையில் கப்பலேறினான். பினாங்கிலிருந்து ஒரு கடிதம் அவன் வீட்டுக்கு வந்தது. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு ஒன்றும் வரவில்லை. யுத்தம் முடிந்து அவனோடு போனவர்களில் இரண்டு பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். காட்டுக்குள் ஜப்பான்காரன் ரயில் பாதை போட்ட இடத்தில் அவனைக் கடைசியாகப் பார்த்தோம், காய்ச்சலில் கிடந்தான் என்று சொன்னார்கள். விழுப்புரத்திலிருந்து லீவில் வந்திருந்த நீ அதைக் கேட்டுவிட்டு அழவில்லை. "எல்லாம் என் நட்சத்திரம்பா. நான் பொறந்த எடத்துலதான வந்து ஒட்டிச்சு" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய், வீட்டுக்கு வருகிற ஒரே ஜீவனும் இல்லாமல் போய்விடும் என்று விழுங்கிக்கொண்டேன். பார்த்தாயா, மறுபடியும் அதே கணக்கு.

பெருமுக்கல்காரர் இருக்கிறாரே, அவர் எனக்குக் கொடுக்கிற தண்டனை வேறு. அவருக்கே அது தெரியாது. ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்ததும் ஒரு கோணிப்பை மல்லாட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார். சம்பந்தம் விட்டுப்போகக்கூடாதாம். போன தடவை வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க எவ்ளோ தூரம் தள்ளித் தள்ளிப் பார்த்தீங்க வாத்தியாரே. அப்படியும் புடிச்சிக்கிச்சு. நேரம் சரியில்ல, அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?" நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மகனைப் பறிகொடுத்தவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான், நான் தலையை ஆட்டி வாங்கிக்கொள்கிறேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்க முடியாது. நாளைக் காலையில் பெருமுக்கலுக்குப் போய் உனக்கு எழுதியதையெல்லாம் அவரிடமும் சொல்லப்போகிறேன். நாள் பார்க்கவில்லை. அடிப்பாரோ, அழுவாரோ, தெரியாது. அடித்தால் நல்லது.

இனி உன் விஷயம். முகையூர்க்காரர் தங்கமான மனிதராகவே இருக்கலாம். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து உனக்கு மனம் இளகினால், அவரைப் பார்த்து இவரோடு இருக்கலாம் என்று தோன்றினால், தாராளமாகக் கட்டிக்கொள். ஆனால் மனசில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். மனசில்லாத இடத்துக்கு ஜாதகத்தின் பேரில் போகாதே. அங்கேயும் உன்னைக் கேட்பதற்கு முக்கியக் காரணம் சமைக்க ஆள் இல்லாததுதான் என்றால், அந்தக் காரணத்தை நான் நன்றாக அறிவேன், அதன் முகம் எனக்கு அத்துப்படி. போய் அவரிடம் நேராகக் கேள். பதில் சொல்லும்போது அவர் உன் முகத்தைப் பார்க்கிறாரா, வேறெங்காவது பார்க்கிறாரா என்று கவனி. வானத்தைக் காட்டிப் பேசுகிற எந்த ஆம்பளையையும் நம்பாதே, அது உன் அப்பனாக இருந்தாலும். இந்தக் கடிதத்தை அவர்களிடம் படித்துக் காட்டவும் செய். பரணியில் பிறந்தவளாக இருந்தாலும் போனால் போகிறது, கட்டிக்கொள்கிறோம் என்று எவனும் உன்னிடம் பேரம் பேசக்கூடாது.

உன் ஜாதகத்தை இதோடு வைத்திருக்கிறேன். நானே கணித்து எழுதியது, நல்ல ஜாதகம். அடுப்பில் போடு, அல்லது பெட்டியில் வை, உன் இஷ்டம். நாள் கேட்டிருந்தாய். நான் குறித்துத் தர மாட்டேன். இனி யாருக்கும் குறித்துத் தரப்போவதில்லை, இரண்டு பஞ்சாங்கத்தையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்றும் எழுத மாட்டேன். அதைக் கேட்கக்கூட ஒரு யோக்கியதை வேண்டும். இந்தக் கடிதத்துக்குப் பிறகு நீ திண்டிவனம் பக்கமே வராமல் போனால், வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஆனால் நியாயம் என்று ஒத்துக்கொள்வேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. வேலை கிடைத்து நீ விழுப்புரத்துக்கு ரயிலேறிய அன்று, வண்டி நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "சோத்துக்கு இன்னா பண்ணுவீங்கப்பா?" என்று கேட்டாய். அவ்வளவு நடந்த பிறகும் உனக்கு அந்தக் கவலைதான். ஏதோ பார்த்துக்கொள்கிறேன் என்று கை காட்டினேன். வீட்டுக்கு வந்து, வேறு வழியில்லாமல், அடுப்பை மூட்டினேன். முதல் நாள் அரிசி குழைந்து கூழாகிவிட்டது. இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. மூன்றாம் நாள் கஞ்சியை வடித்துவிட்டு மூடியைத் திறந்து பார்த்தேன், சோறு பொலபொலவென்று இருந்தது. பானையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, உன் அம்மா செத்தபோதுகூட அழாதவன், ஊளையிட்டு அழுதேன். மூன்று நாள் அலமேலு. சோறு வடிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள்தான் ஆனது.